கொஞ்சம் அசையாம நில்லுங்க, மைனா சார்!

"காக்காவையும் குருவியையும் போட்டோ எடுத்து என்னடா கிடைக்கப் போகுது?"

ஹாஸ்டலில் என்னைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் காலை ஐந்தே முக்காலுக்கு, ஒருவன் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பினால் போர்வைக்குள் இருப்பவர்களுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால், ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் எல்லாருக்கும் சேர்த்து மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நண்பர்களே, தோழியரே! இது காட்டுக்குப் போய்ப் புலியைப் படம் பிடிக்கிற கதை அல்ல. முதுமலைக்கும் டாப்ஸ்லிப்புக்கும் போய்வர நம் பாக்கெட் இடம் கொடுக்காது. நம் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் வேலிக்கருவைப் புதர், காம்பவுண்டுச் சுவர், வாய்க்கால் கரை, ஹாஸ்டல் தோட்டம்... இந்த ஒன்றரை கிலோமீட்டருக்குள் நடந்தே போய் எடுக்கிற படங்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முன்னே போனவர்கள்

இந்தக் கலைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் கிராமத்திலிருந்து வந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற அண்ணன் தம்பி இருவரும், 1895-ல் பறவைக் கூடுகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதில் கையால் வரைந்த படங்களுக்குப் பதில் முழுக்க முழுக்க நேரில் எடுத்த போட்டோக்கள். பறவை மிரளக் கூடாது என்பதற்காக ஒரு மாட்டுத்தோலைப் பொய்மாடாகச் செய்து, அதற்குள் கேமராவோடு ஒளிந்துகொள்வார்களாம்! நமக்கு அந்தக் கஷ்டமெல்லாம் வேண்டாம்.

நம் ஊரிலும் ஒரு பெரிய ஆள் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996). 1950-ல் தொடங்கி, இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுப்பார். காட்டு யானையை எவ்வளவு மரியாதையாகப் பார்த்தாரோ, அதே மரியாதையுடன் ஊருக்குள் திரியும் காக்கையையும் அணிலையும் பார்த்து எழுதினார். காக்கா குருவி என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அவரைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

"அண்ணா, செல்போனில் எடுத்தால் குருவி ஏன் புள்ளி மாதிரி வருது?" ஜூனியர்கள் அடிக்கடி கேட்பது இது. பதில் நம் முதலாண்டு இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. லென்ஸ் பாடம் ஞாபகம் இருக்கிறதா? தூரத்துப் பொருளுக்கு, பிம்பத்தின் அளவு என்பது பொருளின் அளவைக் குவியத் தூரத்தால் பெருக்கி, பொருள் இருக்கும் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. பரீட்சைக்கு மட்டும் படித்த அந்தச் சூத்திரம் இங்கே நிஜமாகவே வேலை செய்கிறது.

சிட்டுக்குருவியின் நீளம் சுமார் 15 செ.மீ. அது 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். செல்போனின் சாதாரண லென்ஸின் உண்மையான குவியத் தூரம் ஏறத்தாழ 6 மி.மீ. அப்படியானால் சென்சாரின் மேல் குருவியின் பிம்பம் 0.09 மி.மீ. தான். சென்சார் 7 மி.மீ. அகலம், அதில் 4000 புள்ளிகள் என்றால், குருவிக்குக் கிடைப்பது சுமார் 50 புள்ளிகள். ஐம்பது புள்ளியில் அலகு எங்கே, கண் எங்கே?

இப்போது அதே குருவியை 300 மி.மீ. லென்ஸ் வழியாகப் பாருங்கள். பிம்பம் 4.5 மி.மீ. வரும். சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் சென்சார் அகலம் சுமார் 23.5 மி.மீ. படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குருவி பிடித்துக்கொள்கிறது. 6000 புள்ளி அகலப் படத்தில் குருவிக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல். இறகு இறகாக எண்ணலாம்!

இந்தக் கணக்கிலேயே இன்னொரு ரகசியமும் இருக்கிறது. 10 மீட்டர் தூரத்தை 5 மீட்டராக்கினால் பிம்பம் இரண்டு மடங்காகும். லென்ஸை இரண்டு மடங்காக்கப் பணம் வேண்டும். தூரத்தைப் பாதியாக்கப் பொறுமை போதும். நம்மிடம் எது இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கேமரா இல்லையே என்கிறவர்களுக்கு

என்னிடம் இருப்பது சித்தப்பா வைத்திருந்த பழைய கேமராவும், இரண்டாம் கையாக வாங்கிய 70-300 லென்ஸும். அதுவும் இல்லாதவர்களுக்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, பைனாகுலர். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரின் கண் வைக்கும் பக்கத்தில் செல்போன் லென்ஸைச் சரியாக ஒட்டிப் பிடியுங்கள். மேலே சொன்ன 50 புள்ளி 400 புள்ளியாகிவிடும். முதலில் வட்டமும் கறுப்புமாகத்தான் வரும். பத்து நாள் பழகினால் கை நின்றுவிடும். பைனாகுலரைச் சுவர் மேலேயோ சைக்கிள் சீட்டிலேயோ ஊன்றிக்கொள்வது முக்கியம். என்ன பறவை என்று அடையாளம் காண இந்தப் படம் தாராளமாகப் போதும்.

இரண்டாவது வழி, பறவையை விட்டுவிட்டுப் பூச்சிக்கு வருவது. அதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே செல்போன்தான் ராஜா.

வெளிச்சம், வேகம், கூச்சம்

பறவைப் படத்தில் மூன்று விஷயம் சரியாக இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதலாவது வெளிச்சம். காலை ஆறேகாலிலிருந்து எட்டரை, மாலை நாலரையிலிருந்து ஆறு. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். நடுப்பகலில் உச்சி வெயில் பட்டால் பறவையின் முகமெல்லாம் நிழலடிக்கும், கண் தெரியாது. கண் தெரியாத படம் உயிரில்லாத படம். எதை விட்டாலும் கண்ணில் போகஸ் வைப்பதை மட்டும் விடாதீர்கள்.

இரண்டாவது வேகம். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பறவை குறுக்கே பறக்கிறது. ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் அது 16 செ.மீ. நகர்ந்துவிடும். அது தன் உடல் நீளத்தையே தாண்டிவிட்டது, நமக்குக் கிடைப்பது ஒரு கோடு! 1/1000 வைத்தால் 1 செ.மீ., 1/2000 வைத்தால் அரை செ.மீ. அதனால் பறக்கும் பறவைக்கு 1/1000-க்குக் கீழே போகாதீர்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 போதும். அது அசையாவிட்டாலும் நம் கை அசையும். நீண்ட லென்ஸில் அந்த நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். முக்காலி வாங்கப் பணமில்லையா? பழைய துணிப்பையில் ஒரு கிலோ பச்சைப்பயறு போட்டுத் தைத்து, சுவர் மேல் வைத்து, அதன் மேல் லென்ஸைக் கிடத்துங்கள். கல் மாதிரி நிற்கும். (பசித்தால் பயறைச் சுண்டலும் செய்யலாம்!)

வேகம் கூடினால் வெளிச்சம் குறையும். இதை ஈடுகட்ட லென்ஸின் வாயை அகலத் திறக்க வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்ற வேண்டும். எஃப் எண் என்பது குவியத் தூரத்தை வாயின் விட்டத்தால் வகுத்து வருவது. என் லென்ஸில் 300 மி.மீ.க்கு எஃப் 5.6 தான். விட்டம் சுமார் 54 மி.மீ. நான்கு மடங்கு வெளிச்சம் தரும் எஃப் 2.8 வேண்டுமென்றால் 107 மி.மீ. கண்ணாடி வேண்டும். பெரிய லென்ஸெல்லாம் ஏன் யானை விலை என்று இப்போது புரிகிறதா? நமக்கு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதுதான் வழி. 800, 1600 என்று போனால் படத்தில் மணல் தூவினாற்போலக் கொஞ்சம் இருக்கும். பரவாயில்லை. மங்கலான படத்தை எதைக் கொண்டும் சரி செய்ய முடியாது. மணலோடு எடுத்த தெளிவான படத்தைச் சரி செய்யலாம்.

மூன்றாவதை நான் கேமராவின் கூச்சம் என்பேன். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பதுதான் பழக்கம். பச்சை வயலில் வெள்ளைக் கொக்கு நின்றால், இருட்டைப் பார்த்து ஏமாந்து, கொக்கை வெறும் வெள்ளைக் காகிதமாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு படி குறைக்க வேண்டும். வெளுத்த வானத்தின் எதிரில் கம்பியில் கரிச்சான் உட்கார்ந்தால், வானத்தைப் பார்த்து ஏமாந்து, பறவையைக் கரிக்கட்டியாக்கும். அப்போது ஒரு படி ஏற்ற வேண்டும். கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன் இதற்காகத்தான் இருக்கிறது. எத்தனையோ பேர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆளைக் கண்டால் பறக்காமல் இருக்க...

சூத்திரமெல்லாம் தெரிந்தும் படம் வராது. ஏனென்றால் பறவைக்குச் சூத்திரம் தெரியாது! அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தன்னை நோக்கி நேராக நடந்து வருகிற எதுவும் ஆபத்து.

அதனால் நேராகப் போகாதீர்கள். வேறு எங்கோ போகிறவர் மாதிரி சாய்வாக நடங்கள். நாலு அடி வைத்து நில்லுங்கள். அதையே முறைத்துப் பார்க்காதீர்கள். கையை நீட்டி "அதோ பார்றா!" என்று கத்தாதீர்கள். சிவப்பு, மஞ்சள் டி-ஷர்ட்டை விடுதியிலேயே விட்டுவிட்டு, நம் ஒர்க்‌ஷாப் காக்கிச் சட்டையைப் போடுங்கள். இதைவிட நல்ல உடை கடையில் கிடையாது.

இன்னும் நல்ல வழி, போகவே போகாமல் இருப்பது. ஓர் இடத்தில் மரத்தடியில் சாய்ந்து இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இருக்காது. பிறகு தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு, சருகைப் புரட்டிக்கொண்டு, சந்தைக்கடை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வரும். உங்கள் காலடி வரைக்கும் வரும். நாம் தேடிப் போனால் ஓடுகிறவை, நாம் அசையாமல் இருந்தால் நம்மை மரமாக நினைத்துக்கொள்கின்றன.

பழக்கத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். பச்சைப் பஞ்சுருட்டானும் கரிச்சானும் பூச்சியைப் பிடித்துவிட்டு, பெரும்பாலும் கிளம்பிய அதே கம்பிக்கே திரும்பி வரும். பறந்துபோனதும் ஏமாந்து நடையைக் கட்டாமல், அதே இடத்தில் போகஸை வைத்துக்கொண்டு காத்திருங்கள். வெண்மார்பு மீன்கொத்தி இரையைப் பிடித்தால் உடனே விழுங்காது, கிளையில் இரண்டு மூன்று முறை ஓங்கி அடிக்கும். அதுதான் உங்கள் நேரம். மாடு மேயும் இடத்தில் உண்ணிக்கொக்கு இருக்கும். மாட்டின் கால் பட்டு எழும் வெட்டுக்கிளிதான் அதற்குத் தீனி. முருங்கை பூத்தால் தேன்சிட்டு வரும். ஆலம்பழம் பழுத்தால் குக்குறுவானும் குயிலும் வரும். ஆக, பறவையைத் தேடாதீர்கள். அதன் சாப்பாட்டைத் தேடுங்கள். நாம் மெஸ்ஸைத் தேடிப் போவதில்லையா, அதே மாதிரிதான்!

பருவமும் முக்கியம். செப்டம்பர், அக்டோபரில் தொடங்கி மார்ச் வரைக்கும் வடக்கிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். வாய்க்கால் ஓரம் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் வாலாட்டி, ஈ.பி. கம்பியில் வரிசை கட்டும் தகைவிலான், கூட்டங்கூட்டமாகச் சோளக்காட்டில் இறங்கும் சூறைக்குருவி. சூறைக்குருவியை நம் ஊர்ப் பெரியவர்கள் சோளப்பட்சி என்பார்கள். இத்துனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு மத்திய ஆசியாவிலிருந்து பறந்து வருகிறது என்றால் சும்மாவா! ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு ஏரி பறவைகள் சரணாலயமாக இருக்கிறது, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஒருநாள் கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் அங்கே வருகிற விருந்தாளிகளில் சில, நம் வாய்க்கால் கரைக்கும் வருகின்றன என்பதையும் மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வரப்பில் போகும்போது காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "ஏந்தம்பி, சர்வே எடுக்கறீங்களா? ரோடு கீது போடறாங்களா?" என்று பதறிப்போய் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். படத்தைக் காட்டியதும் சிரித்துவிட்டு, "அட, இது கருவாட்டுவாலிங்க! பருந்தையே தொரத்தும்" என்று பத்து நிமிடம் அதைப் பற்றிச் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கிராமத்துப் பெயர்கள் இப்படித்தான் கிடைக்கின்றன. இன்னொன்று, கண்ணைக் கேமராவில் வைப்பதற்கு முன் காலடியைப் பாருங்கள். நம் பக்கத்தில் கண்ணாடி விரியன் உண்டு. செருப்போடு புதருக்குள் போக வேண்டாம், ஷூ போடுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

தோட்டத்துச் சின்ன உலகம்

மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் கருவேப்பிலைச் செடியை என்றாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? இலை மேல் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். தொட்டுப் பாருங்கள், நகரும்! அது எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்ன வயதில் எச்சம் மாதிரி வேஷம் போட்டு எதிரியை ஏமாற்றும். வளர்ந்ததும் சட்டையை மாற்றிப் பச்சை இலை நிறத்துக்கு வந்துவிடும். முட்டையிலிருந்து சிறகு வரை மூன்று நான்கு வாரம்தான். தினம் சாப்பிடப் போகும்போது ஒரு படம் எடுத்தால் போதும், ஒரு செமஸ்டர் முடிவதற்குள் முழு வாழ்க்கை வரலாறே உங்கள் செல்போனில்! எருக்கஞ்செடியில் தேடினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட இன்னொரு புழு கிடைக்கும். அது வெந்தய வரியன். எருக்கின் விஷத்தைத் தின்று தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால், ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுமுறை தொடாது.

இங்கே செல்போன் ஏன் ராஜா என்றால், அதன் சின்ன லென்ஸுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரியும், முன்னும் பின்னும் கொஞ்ச ஆழம் வரைக்கும் போகஸ் நிற்கும். பெரிய கேமராவில் வண்ணத்துப்பூச்சியின் கண்ணுக்குப் போகஸ் வைத்தால் சிறகு மங்கிவிடும்.

நேரம் இதற்கும் முக்கியம். பூச்சிகளுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது. விடிந்ததும் வெயிலில் சிறகை விரித்துக் காய்ந்த பிறகுதான் பறக்க முடியும். அந்த நேரத்தில் போனால் அசையாமல் போஸ் கொடுக்கும். தும்பி விரட்டினால் போய்விட்டு அதே குச்சிக்கு வரும். ஓணான் வேலிக்கம்பில் தலையை ஆட்டிக்கொண்டு உங்களையே எடை போடும். ஒரு விதி மட்டும்: உங்கள் நிழல் அவற்றின் மேல் விழக் கூடாது. நிழல் விழுந்த மறுநொடி அவை இருக்காது. குனிந்து, மண்டியிட்டு, அவற்றின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். மேலிருந்து எடுத்தால் பூச்சி, சரிமட்டத்தில் எடுத்தால் ஒரு ஆள்!

கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள்

இதுவரை சொன்னதை மறந்தாலும் பரவாயில்லை. இனிச் சொல்வதை மறக்காதீர்கள்.

கூடு கண்ணில் பட்டால் எல்லாருக்கும் கை பரபரக்கும். குஞ்சுக்கு இரை ஊட்டும் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்கு விலை கொடுப்பது நாமல்ல. மறைக்கிற கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுத்தால், மறுநாள் அந்த இடைவெளி வழியாக வெயிலும் இறங்கும், காக்கையும் இறங்கும். நாம் பத்து நிமிடம் கிட்ட நின்றால், தாய் பத்து நிமிடம் கூட்டுக்கு வராது. ஏப்ரல் வெயிலில் அந்தப் பத்து நிமிடம் முட்டைக்கு ரொம்ப நேரம். காக்கையோ நாம் எங்கே குனிந்து பார்க்கிறோம் என்பதைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டே இருக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் சேர்ந்திருக்கிறது. துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்பதில்லை.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். விளையாட்டு விழாவுக்கு நம் மைதானத்தைச் சமன் செய்யும் வேலை தொடங்க இருந்தது. தெற்கு மூலையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதை நாங்கள் நாலு பேர் கவனித்தோம். யாராவது அந்தப் பக்கம் போனால் போதும், தலைக்கு மேல் பறந்து கத்திக் கூப்பாடு போடும். ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில், நாலு கூழாங்கல்லுக்கு நடுவில் முட்டை வைக்கும். முட்டையும் கல் மாதிரியே இருக்கும். மிதித்தாலும் தெரியாது. ரோலர் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

கிட்டே போகக் கூடாது, ஆனால் முட்டை இருக்கிறது என்று காட்டவும் வேண்டும். என்ன செய்வது? சைக்கிள் ஸ்டாண்டில், நாற்பது மீட்டர் தள்ளி, பயறு மூட்டையில் லென்ஸை வைத்துக் காத்திருந்தோம். மதியம் வெயில் ஏறியதும் அந்தப் பறவை எழுந்து வாய்க்காலுக்குப் போனது. வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளின் மேல் ஈரத்தோடு உட்கார்ந்தது. ஏர்கூலர் கண்டுபிடித்தது யார் என்று இனிமேல் என்னைக் கேட்காதீர்கள்! அது உட்காரக் குனிந்த அந்த ஒரு நொடியில் காலுக்கு நடுவே நாலு முட்டையும் படத்தில் விழுந்துவிட்டன.

படத்தை பி.டி. சாரிடம் கொண்டுபோனோம்.

"எங்கடா முட்டை? கல்லுதானே இருக்கு?"

பெரிதாக்கிக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "எத்தனை நாளாகும்?"

"அடை காக்கறது மொத்தம் நாலு வாரம் சார். எப்போ முட்டை வச்சதுன்னு தெரியல. குஞ்சு பொரிச்சா அன்னிக்கே நடந்து போயிடும் சார்."

அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் மைதானத்தில் போய்ப் பார்த்தால், அந்த மூலையைச் சுற்றித் தள்ளித் தள்ளி நாலு செங்கல் வைத்து, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. ரோலர் அந்தப் பக்கம் வரவில்லை. வட்டு எறிதல் வழக்கமாகத் தெற்கே பார்த்து நடக்கும். அந்த ஆண்டு கிழக்கே பார்த்து நடந்தது. ஏன் என்று அப்போது பலருக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

ஏப்ரல் முதல் வாரம் ஒருநாள் காலையில், அந்த இடத்தில் ஓடுகள் மட்டும் கிடந்தன. வாய்க்கால் பக்கம் மூன்று பஞ்சு உருண்டைகள், நீளக் கால்களோடு, தாய்க்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. நான்காவது என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தூரத்திலிருந்து எடுத்த அந்தப் படம் கொஞ்சம் மங்கல்தான், போட்டிக்கு அனுப்ப லாயக்கில்லை. ஆனால் பி.டி. அறை நோட்டீஸ் போர்டில் இன்றும் குத்தியிருக்கிறது. போட்டோவால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் அங்கே ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

இன்னும் மூன்று விஷயம். செல்போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது வேலையை விட்டுவிட்டு அலையும். ராத்திரி ஆந்தை மேல் பிளாஷ் அடிக்காதீர்கள். கூடு இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பறவை தின்பதை நிறுத்திக் கழுத்தை நீட்டிப் பார்க்கிறதா? நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு அடி பின்னால் வாருங்கள்.

எடுத்த பிறகு

படத்தை எடுத்துப் போட்டுவிட்டு மறந்தால் பாதிப் பயன்தான். தேதி, நேரம், இடம், அது என்ன செய்துகொண்டிருந்தது... இந்த நாலையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகு, கால், வால் மூன்றையும் பாருங்கள். இவற்றை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சாலிம் அலி 1941-ல் எழுதிய இந்தியப் பறவைகள் புத்தகத்தை வைத்துத்தான் பல தலைமுறை பெயர் கற்றுக்கொண்டது. இப்போது படத்தையோ குரலையோ கொடுத்தால் பெயரைச் சொல்ல மெர்லின் என்ற செயலி இருக்கிறது. அது சொன்னதை அப்படியே நம்பாமல் நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஈபேர்ட் என்ற இணையதளத்தில் உங்கள் பட்டியலைப் பதியலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் நடத்துவது, இலவசம். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் பார்த்து, கண்டதையெல்லாம் எழுதினால் போதும். ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் அனுப்பினால், நம் ஒரு வகுப்பிலிருந்தே அறுபது ஊர்க் கணக்கு சேர்ந்துவிடும். பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே தனியாகவும் கணக்கெடுப்பு உண்டு. அதில் நம் கல்லூரியின் பெயரும் வர வேண்டும் என்பது என் ஆசை.

நாங்கள் மூன்றாமாண்டு. இந்த ஏப்ரலோடு போய்விடுவோம். மைதானத்தின் தெற்கு மூலைக்கு ஆள்காட்டி அடுத்த மார்ச்சிலும் வரலாம். அப்போது ரோலர் டிரைவருக்கும் புதிதாக வருகிற ஆட்களுக்கும் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அதற்குக் கேமராகூடத் தேவையில்லை. கவனித்துப் பார்க்கிற இரண்டு கண் போதும்.

ஞாயிறு காலை ஆறு மணி, கேண்டீன் வாசல். காக்கிச் சட்டை, ஷூ, ஒரு நோட்டு. விருப்பமுள்ள ஜூனியர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். டீ என் செலவு!

மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை